கையில் கொடுக்காத கத்தி

"இதை எங்க போடட்டும், டீச்சர்?"

குற்றாலிங்கம் பிஸ்கட் தகரப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நின்றார். அறுபத்திரண்டு வயது. பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்து வந்திருந்தார்.

மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட செங்கல் சூளை. அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை.

எப்சிபா டீச்சர் நிமிரவில்லை. தென்னோலையிலிருந்து ஈர்க்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து வீடு கூட்டும் வாரியல் கட்டுகிறாள். உபதேசம் கிடையாது. யாராவது கேள்வியோடு வந்தால் ஓலையை எடுத்துக் கொடுப்பாள். சிலர் ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். சிலர் போகவில்லை.

"உள்ள என்ன?"

"கத்தி. எல்லாம் மடக்குக் கத்தி. நாற்பது."

உலை வைத்துக்கொண்டிருந்த தங்கப்பழம் கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்.

"நாப்பதா? அண்ணாச்சி தனியாத்தான் வந்தீங்களா, பின்னால படை வருதா?"

குற்றாலிங்கம் சிரிக்கவில்லை.

"ஆத்துல போட்டுரச் சொல்லுதாங்க," என்றார்.

"யாரு?"

"சொந்தக்காரங்க. எல்லாரும்."

"போட்டிருக்கலாமே."

"படி வரைக்கும் போனேன். ஆத்துல ஏற்கெனவே நிறையக் கிடக்கு டீச்சர்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்கிட்ட விட்டுட்டுப் போறீங்களா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

"சரி. ஒவ்வொண்ணா கொடுங்க."

கையை நீட்டினாள்.

அவர் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு கத்தியும் பழைய பனியன் துணியில் சுற்றியிருந்தது. ஒன்றைப் பிரித்தார். ஈட்டிமரப் பிடி. வேட்டி நுனியால் துடைத்தார். மடங்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அவள் முழங்காலுக்கு அருகே தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

டீச்சரின் கை நீட்டியபடியே இருந்தது.

"வச்சிட்டேன் டீச்சர்."

"பார்த்தேன்."

"எடுத்துக்கிடுங்க."

"கொடுங்கன்னு சொன்னேன்."

"கத்தியைக் கையோட கையா கொடுக்கக் கூடாதுல்லா. சண்டை வரும். கீழ வைக்கணும், வேணுங்கிறவங்க எடுத்துக்கிடணும். எங்க அப்பா சொன்னது. நான் ஒருநாளும் மீறினதில்லை."

"ஒருநாளும்?"

குற்றாலிங்கத்தின் கை இடுப்புப் பக்கம் போய்த் திரும்பியது.

"ஒருநாளும்."

டீச்சர் கையை மடக்கிக்கொண்டாள். கட்டி முடித்த வாரியலின் கயிற்று நுனியைப் பல்லில் வைத்துக் கடித்தாள். அறுபடவில்லை. இன்னொரு முறை கடித்தாள். நார் நாராகப் பிய்ந்தது.

கத்தி தரையில் இருந்தது.

"கையில கொடுத்தா வாங்கிக்கிடுதேன்," என்றாள். "நாப்பதையும்."

---

மறுநாள் காலையில் அவருக்கும் ஓலை கொடுக்கப்பட்டது.

அவர் பெட்டியிலிருந்து வேறொரு கத்தியை எடுத்தார். நகத்தைப் பள்ளத்தில் வைத்து ஒரு சுண்டு. அலகு சத்தமில்லாமல் திறந்தது. ஓலையின் நடுவே வைத்து இழுத்தார். ஈர்க்கு தனியே வந்து விழுந்தது.

"அடேயப்பா," என்றார் தங்கப்பழம். "கை பேசுதே."

"ரயில்வே பார்சல் ஆபீஸ். முப்பத்தாறு வருஷம் சணல் அறுத்த கை."

"அதுக்கு ஒரு கத்தி போதாதா?"

"போதும். ஒண்ணுதான் வேணும். ஆனா ஒண்ணு வாங்கினா அடுத்தது கண்ணுல படும்."

அவர் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். குரல் மாறியது.

"இது எருமைக் கொம்புப் பிடி. மார்க்கெட்ல கருவாட்டுக்காரர் வச்சிருந்தார், கெஞ்சி வாங்கினேன். இது கப்பல்ல வேலை பார்த்தவர் கொடுத்தது. முடிச்சு அவிழ்க்க ஊசி இருக்கு பாருங்க. இது ரொம்பச் சின்னது, கடிதாசி பிரிக்க. திங்கள்கிழமை ஒண்ணு, செவ்வாய்க்கிழமை ஒண்ணு. காலையில குளிச்சு, வேட்டி கட்டுறதுக்கு முன்னால அன்னைக்கு எதுன்னு முடிவு பண்ணிருவேன். வேட்டிக்குள்ள போடுற டவுசர் பையில கத்தி இல்லாம வாசல் தாண்டினது கிடையாது. கல்யாண வீட்டுல மாலை அறுக்கணுமா, கூப்பிடு குற்றாலிங்கத்தை. பிள்ளைக்கு மாங்காய் கீறணுமா, கூப்பிடு. வெளிய போனா மனுஷனுக்கு எப்ப என்ன தேவைப்படும்னு சொல்ல முடியாதுல்லா."

நிறுத்திவிட்டார்.

டீச்சர் ஓலையை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆட்காட்டி விரலில் ரத்தம் கசிந்திருந்தது. முந்தின நாள் அவர் வைத்த கத்தி, வைத்த இடத்திலேயே அவள் முழங்கால் அருகே கிடந்தது.

"விரல்ல ரத்தம் வருது டீச்சர்."

"ஆமா."

"கத்தி பக்கத்துலதான் இருக்கு."

அவள் கையை நீட்டினாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தங்கப்பழம் வந்து கத்தியை எடுக்கக் குனிந்தார். "நான் எடுத்துக் கொடுத்தா என்ன?"

"ஓய், நீரு உலையைப் பாரும்," என்றாள் டீச்சர்.

---

சாப்பிடும்போது குற்றாலிங்கம் தங்கப்பழத்திடம் கேட்டார்.

"நீங்க என்ன கேள்வியோட வந்தீங்க?"

"ஒண்ணு இருந்துச்சு அண்ணாச்சி. பஸ்ல வரும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். எட்டு மாசமாச்சு. மறந்துபோச்சு."

"மறக்குமா?"

"எனக்கு மறந்துச்சு. உங்களுக்கு எப்படியோ." தங்கப்பழம் இன்னொரு கரண்டி சோறு போட்டார். "ஒண்ணு கேக்கேன். வயித்து வலியா உங்களுக்கு?"

"இல்லையே."

"கை அங்கேயே போகுது. இடுப்புப் பக்கம். தூங்கி எழுந்தாலும் முதல்ல அங்கதான் தொட்டுப் பார்க்கீங்க. பஸ்ல பிக்பாக்கெட் பயம் உள்ளவன்தான் அப்படித் தொடுவான். இருபது வருஷம் பார்த்திருக்கேன்."

குற்றாலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

---

மூன்றாம் நாள் மழை தூறியது. தரையில் கிடந்த கத்தியின் முதுகில் பழுப்பாக ஒரு புள்ளி விழுந்திருந்தது.

"துரு பிடிக்குது," என்றார். "எடுத்துத் துடைச்சு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுட்டு மறுபடியும் வச்சிருதேன்."

"வேண்டாம். எனக்காக வச்சதுதானே? நான் எடுக்கலை. கிடக்கட்டும்."

"கெட்டுப்போகும் டீச்சர்."

"ஆமா."

அவர் அந்தப் புள்ளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியிலிருந்து மிகச் சிறிய கத்தியை எடுத்தார். டீச்சருக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் கையை நீட்டினாள்.

அவர் கத்தியை அவள் உள்ளங்கைக்கு மேலே கொண்டுபோனார். நடுவில் நான்கு விரல் இடைவெளி. அங்கே கை நின்றுவிட்டது. விரல்கள் திறக்கவில்லை.

"கனமா இருக்கா?"

"நாற்பது கிராம்."

"நிறுத்துப் பார்த்திருக்கீங்க."

"எல்லாத்தையும் நிறுத்திருக்கேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இப்போது தரையில் இரண்டு கத்திகள்.

"முடியலை," என்றார். "என்னால இது முடியாது டீச்சர். நான் ஆத்துலயே போட்டுருதேன்."

"பையில இருக்கிறதையுமா?"

அவர் கை இடுப்புக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"நாற்பத்தொண்ணு," என்றார். "நாற்பதுன்னு பொய் சொன்னேன்."

---

அவராகவே சொன்னார். டீச்சர் கேட்கவில்லை. ஈர்க்கு உரிப்பதை நிறுத்தவுமில்லை.

"வடிவுன்னு பேரு. என் வீட்டுக்காரி. அவ போய் ஒன்பது மாசம் ஆகுது.

"ஆத்துக்குக் குளிக்கப் போனோம். அவ இறங்கிட்டா. நான் படியில உட்கார்ந்து கொய்யாப்பழம் அரிஞ்சுக்கிட்டிருந்தேன். இடுப்பளவு தண்ணிதான். பரிகாரம்னு வர்றவங்க உடுத்தின துணியை ஆத்துல அவிழ்த்து விட்டுட்டுப் போறாங்கல்லா, அது பாறையில மாட்டிக் கிடக்கும். ஒரு பழைய சேலை அவ கால்ல சுத்திக்கிச்சு.

"அவ சிரிச்சா. யாரோ என் காலைப் பிடிக்காங்க, அந்தக் கத்தியைக் கொடுங்கன்னு கையை நீட்டினா.

"நான் கத்தியைத் துடைச்சேன். மடக்கினேன். தண்ணியோரப் படியில வச்சேன்."

தங்கப்பழம் கரண்டியோடு வந்து நின்றிருந்தார்.

"எட்டலை, கையில கொடுங்கன்னா. கையில கொடுத்தா சண்டை வரும், குனிஞ்சு எடுன்னேன். விளையாட்டாத்தான் சொன்னேன். ஆனா விளையாட்டு இல்லை. எப்பவும் அப்படித்தான். காய் நறுக்கக் கேட்டாலும் தரையில வைப்பேன், அவ குனிஞ்சு எடுப்பா. முப்பத்தொரு வருஷம் குனிஞ்சு எடுத்திருக்கா டீச்சர்."

"சண்டை வரலையா?"

"வந்துச்சு. நிறைய வந்துச்சு."

மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டது.

"குனிஞ்சா. கால் அங்க மாட்டியிருக்கு, உடம்பு இங்க சாயுது. தண்ணி படுக்கப் போட்டுருச்சு. நான் குதிச்சேன். தூக்க முடியலை, தண்ணியோட இழுப்பு அப்படி. உள்ள முங்கித் துணியைப் பிடிச்சுக் கிழிச்சேன். ஈரத் துணி. கிழியலை. பல்லால கடிச்சேன். என் பையில கத்தி இருக்குன்னு தடவிப் பார்த்தேன். பையில இல்லை. படியில இருந்துச்சு."

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"துணி துவைச்சுக்கிட்டிருந்த ஒருத்தர் ஓடி வந்தார். கத்தியை எடுத்துக்கிட்டுக் குதிச்சு அறுத்தார். ரெண்டே இழுப்பு. முந்தின நாள்தான் தீட்டியிருந்தேன்."

குற்றாலிங்கம் விரித்த கைகளை மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. அவளைப் படியில தூக்கிப் போட்டுட்டு அந்த ஆள் கத்தியை என் கையில கொடுத்தார். கையிலயே கொடுத்தார். நான் வாங்கினேன். வாங்கித் துடைச்சேன். மடக்கிப் பையில போட்டேன். அதுக்கப்புறம்தான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்."

"அவர்கூடச் சண்டை வந்துதா?" என்றாள் டீச்சர்.

"யாருகூட?"

"கையில கொடுத்தாரே, அவர்கூட."

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாது."

---

அன்று தங்கப்பழம் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. கஞ்சியை ஊற்றிக் குற்றாலிங்கத்தின் முன்னால் வைத்தார். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். மறுபடியும் ஆறிப்போனது.

"பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டார்.

"ஒரு மக. பெங்களூர்ல இருக்கா."

"பேசுவாளா?"

"காரியம் முடிஞ்ச அன்னைக்கு ஒண்ணு கேட்டா. அப்போ கத்தி எங்க இருந்துச்சுப்பான்னு கேட்டா. படியிலன்னு சொன்னேன். அதுக்கப்புறம் போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கதில்லை."

---

நான்காம் நாள் காலை வெயில் அடித்தது. குற்றாலிங்கம் தரையில் கிடந்த இரண்டு கத்திகளையும் எடுத்தார். துருப் புள்ளியைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. பனியன் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினார்.

பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"கிளம்புதேன்."

"ஆத்துக்கா?"

"ஆமா."

"பெட்டி மட்டும்தானா, நீங்களுமா?"

அவர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தங்கப்பழம் அடுப்படியிலிருந்து எழுந்து வெளியே வந்து, பாதையை மறைத்தபடி நின்றார்.

"போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கேன்," என்றார் குற்றாலிங்கம். "ஊர்ல விதிங்கிறாங்க. நேரம்ங்கிறாங்க. தண்ணின்னு சொல்லுதாங்க. எனக்கு அதெல்லாம் வேண்டாம். அன்னைக்குப் படியில வச்சது யாரு? எங்க அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கமா, நானா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

டீச்சர் மடியிலிருந்த ஓலையை இறக்கி வைத்தாள்.

"அவங்க கை எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?"

"எது?"

"நீட்டின கை. உங்ககிட்ட இருந்து எவ்வளவு தூரம்?"

அவர் யோசிக்கவில்லை. ஒன்பது மாதமாக அந்தத் தூரம் அவருக்குத் தெரியும்.

"ஒரு முழம்."

"உட்காருங்க. அன்னைக்கு உட்கார்ந்த மாதிரி."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். சூளையின் இடிந்த சுவரில் ஒரு செங்கல் வரிசை படிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்தார். டீச்சர் கீழே நின்றாள். கையை நீட்டினாள். ஒரு முழம்.

"சரியா இருக்கா?"

"இன்னும் கொஞ்சம் பக்கம்."

அவள் நகர்ந்தாள்.

"இப்போ?"

அவர் தலையசைத்தார். உதடு கோணியது.

"கொடுங்க."

அவர் கை டவுசர் பைக்குள் போனது. கத்தியை எடுத்தார். அன்று படியில் வைத்த அதே கத்தி. பித்தளைப் பிடி. சாதாரணக் கத்தி, எந்தச் சந்தையிலும் கிடைக்கும். வேட்டி நுனியைத் தேடியது இடக்கை.

"துடைக்க வேண்டாம்," என்றாள்.

இடக்கை நின்றது.

வலக்கை கீழே இறங்க ஆரம்பித்தது. தரையை நோக்கி. அது இறங்குவதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. செங்கல்லைத் தொடப் போகும்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டீச்சர் அசையவில்லை. விரல்களில் பழைய கீறல்கள் காய்ந்து கறுத்திருந்தன.

அவர் கையைத் தூக்கினார். நீட்டினார். விரல்களைத் திறந்தார்.

கத்தி அவள் உள்ளங்கையில் இருந்தது.

குற்றாலிங்கம் தன் வெறுங்கையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். மூச்சை ஒருமுறை இழுத்துவிடும் நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா டீச்சர்?"

அவர் செங்கல் வரிசையிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார். முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டார். ஒன்பது மாதமாக வராத அழுகை வந்தது. சத்தத்துக்குச் சூளைச் சுவரில் இருந்த மைனாக்கள் எழும்பிப் போயின. தங்கப்பழம் பாதையை விட்டு விலகி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் குந்தினார்.

வெயில் ஏறியது.

அழுகை ஓய்ந்து அவர் தலை தூக்கியபோது டீச்சர் அதே இடத்தில் நின்றிருந்தாள். பித்தளைக் கத்தி அவள் இடுப்பில் செருகியிருந்தது. பெட்டி அவர் பக்கத்தில் திறந்திருந்தது.

அவள் கை நீண்டிருந்தது. ஒரு முழம்.

"அடுத்தது," என்றாள்.